லாவ்ரெனின் தீனித் திடல்

ரெகினா டாக்டரைக் கண்டாலே லாவ்ரெனுக்கு ஆகாது. தலைநகர் மின்ஸ்க்கிலிருந்து அவள் வந்து இறங்கிய அன்றே ஆகாமல் போனது. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஆகாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தியின் நடையைப் பார்த்தே அவளை வெறுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். லாவ்ரெனால் முடிந்தது. பனியில் பூட்ஸ் காலை அழுத்தி வைத்து நடப்பாள், நாலடிக்கு ஒருதரம் குனிவாள், கிடக்கிற சாணத்தைக் கரண்டியால் எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு மூடி, ஏதோ தங்கத்தைக் கண்டெடுத்தவள் மாதிரி பைக்குள் வைத்துக்கொள்வாள். தன் காட்டெருதுகளின் சாணத்தை மோந்துகொண்டு திரிகிற ஒருத்தி தனக்குப் புத்தி சொல்வதா என்பதுதான் அவனுடைய ஆத்திரம்.

'தன்' காட்டெருதுகள் என்று அவன் சொல்வதை யாரும் திருத்துவதில்லை. காடு அரசாங்கத்துடையது, எருதுகளும் அரசாங்கத்துடையவை, லாவ்ரென் வெறும் சம்பளக்காரன். ஆனால் குளிர்காலம் பிறந்துவிட்டால் தினமும் காலையில் டிராக்டரில் காய்ந்த புல்லும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு போய், ஓக் மரங்களுக்கு நடுவிலுள்ள திடலில் கொட்டுகிறவன் அவன்தான். டிராக்டர் சத்தம் கேட்டாலே மந்தை மரங்களுக்குள்ளிருந்து புறப்பட்டு வரும். ஒவ்வொன்றும் ஆளுயரம், தோளில் கம்பளி மலை. ஊரில் அந்தத் திடலுக்கு 'லாவ்ரெனின் சாப்பாட்டுக்கடை' என்று பேர். கேலியாக வைத்த பேர்தான், ஆனாலும் அவனுக்கு உள்ளூரப் பெருமை. இருபது வருஷமாக அதே இடம், அதே தொட்டிகள், புல் அடுக்குகிற அதே மரச்சட்டங்கள். கோடையில் போனாலும் அங்கே சாண வாடை போகாது.

மந்தைக்குத் தலைவி ஒரு வயதான பசு. லாவ்ரென் அதற்குப் பானி என்று பேர் வைத்திருந்தான், சீமாட்டி என்று அர்த்தம். மற்றவை டிராக்டரைக் கண்டு வரும். பானி லாவ்ரெனைக் கண்டு வரும். கையெட்டும் தூரத்தில் வந்து நின்று, மூச்சை அவன் கோட்டின் மேல் விடும். அவன் அதனிடம் பேசுகிற குரலை ஒருநாள் கேட்டுவிட்ட அவன் பெண்டாட்டி ஹன்னா, கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குரல் எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது என்று கேட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் கேடு தொடங்கியது. புல்லுக்கும் கிழங்குக்கும் குறைவில்லை, ஆனால் மந்தை இளைத்தது. முதுகெலும்பு தெரிந்தது, மயிர் பொலிவிழந்து திட்டுத் திட்டாக நின்றது, பின்னங்கால்கள் எப்போதும் கழிச்சலில் நனைந்திருந்தன. இரண்டு பசுக்கள் செத்தன. பானியின் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி ஒரு வீக்கம் தொங்கத் தொடங்கியது. அப்போதுதான் மேலிடம் கால்நடை டாக்டர் ரெகினாவை அனுப்பியது. அவள் செத்த பசுவை அறுத்துப் பார்த்து, நாலாம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் புழுக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதாகச் சொன்னாள். எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட மான்களோடு வந்த புழு, சாணத்தின் வழியாகப் பரவுகிற புழு.

வன அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். வனத்துறை இயக்குநர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ரெகினா சொன்னது இரண்டு விஷயம். தீவனத்தில் குடற்புழு மருந்தைக் கலந்து கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தத் திடலை மூட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே ஒரு கைப்பிடி புல்கூடப் போடக் கூடாது. இயக்குநர் தன் பங்குக்கு மூன்றாவதாக ஒன்று சொன்னார். வசந்தத்தில் மேலிடத்துக் குழு வரும், தேறாத மாடுகளைச் சுட்டுவிடுவார்கள், மற்ற மந்தைகளுக்குத் தொற்றக் கூடாதல்லவா. சந்தேகத்துக்குரிய மாடுகளை ரெகினா அடையாளம் சொன்னபோது முதலில் சொன்னது பானியைத்தான்.

லாவ்ரென் எழுந்தே விட்டான்.

"இருபது வருஷமா நான் போட்டதத் தின்னுதான் இதுங்க உசிரோட இருக்கு. நீங்க வந்து முழுசா ஒரு மாசம் ஆகல, டாக்டரம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன், லாவ்ரென் யூசெஃபவிச்," என்றாள் அவள். "இருபது வருஷமா நீங்க போட்டதத்தான் தின்னுதுங்க. இருபது வருஷமா அதே எடத்துலதான் சாணியும் போடுதுங்க. ரெண்டும் ஒரே வாய்க்குள்ள போகுது."

அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிடுவது அங்கே மரியாதை. அவள் அந்த மரியாதையைக் கொஞ்சமும் குறைக்காமல் அறைவாள். லாவ்ரெனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கொம்புக்கு ஆசைப்பட்ட வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்காகத்தான் இந்த நாடகமெல்லாம், புழு என்பது சாக்கு என்று கத்தினான். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் ஆமென்றும் சொல்லவில்லை. அதுவே தன் கட்சிக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், உப்பிட்ட பன்றிக் கொழுப்பை ரொட்டியில் வைத்துத் தின்றபடி ஹன்னாவிடம் அவளைக் கரித்துக் கொட்டினான்.

மருந்துத் தீவனம் மூட்டைகளில் வந்தது. அதை எப்படிப் போட வேண்டும் என்பதற்கும் ரெகினாவிடம் சட்டம் இருந்தது. தொட்டியில் கொட்டக் கூடாது. காட்டில் தள்ளித் தள்ளி, இதுவரை தீனி போடாத சுத்தமான இடங்களில், பனியின் மேல் நீளக் கோடாகத் தூவிக்கொண்டே போக வேண்டும். இன்று போட்ட இடத்தில் நாளை போடக் கூடாது. டிராக்டர் ஓட்டுகிற கஸிமிர், லாவ்ரெனின் மச்சினன், எதற்கும் சிரிக்கிற பேர்வழி. அவன் இதைக் கேட்டு, காட்டெருதுக்குக் கல்யாணப் பந்தியா என்று சிரித்தான். லாவ்ரென் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோடு போட்டான்.

கோட்டுக்குப் பெரிய காளைகள்தான் முதலில் வந்தன. தலையைத் தாழ்த்திக்கொண்டு, வழியில் நின்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முதல் பகுதியை அவையே தின்றன. பானி வரவில்லை. பானி எங்கே போகும்? பழக்கப்பட்ட சாப்பாட்டுக்கடைக்குத்தான் போகும். லாவ்ரென் டிராக்டரை விட்டிறங்கித் திடல் பக்கம் நடந்து போய்ப் பார்த்தான். காலித் தொட்டிக்குப் பக்கத்தில் பானியும், அதன் போன வருஷத்துக் கன்றும், இன்னும் சில நோஞ்சான்களும் நின்றுகொண்டிருந்தன. பானி அவனைப் பார்த்து நடந்து வந்து, கோட்டின் மேல் மூச்சை விட்டது. அந்த வீக்கம் அதன் தாடையில் ஆடியது. மனுஷனாகப் பிறந்தவன் அதைப் பார்த்துவிட்டுச் சட்டம் பேச முடியாது என்று அவன் நினைத்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மறுநாளிலிருந்து அவன் இரண்டு வேலை பார்த்தான். ரெகினாவின் கண்ணுக்குக் கோடுகள். மிச்சம் பிடித்த மருந்துத் தீவனத்தையும் நல்ல புல்லையும் யாருக்கும் தெரியாமல் திடலுக்குக் கொண்டுபோய்ப் பழைய தொட்டியிலேயே கொட்டினான். மருந்தும் கொடுத்தாயிற்று, வயிறும் நிறைந்தாயிற்று, இதில் என்ன குற்றம்? கஸிமிருக்கு மட்டும் தெரியும். மாட்டிக்கொண்டால் நான் டிராக்டருக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுவேன் என்றான் அவன்.

பானி நன்றாகத் தின்றது. தொட்டியில் மருந்து விழுந்ததும் முதல் வாய் அதனுடையது. கன்று பக்கத்தில் வந்து மூக்கை நீட்டினால் கொம்பால் ஒரு தட்டுத் தட்டும். கன்று விலகிப் போய்ச் சட்டத்திலிருந்து கீழே சிந்திய புல்லைப் பொறுக்கும். மறுபடி வரும், மறுபடி தட்டு வாங்கும். லாவ்ரெனுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு. வயதானாலும் சீமாட்டி சீமாட்டிதான், பெற்ற பிள்ளைக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று கஸிமிரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சில வாரம் போனது. ரெகினா டப்பாக்களோடு உட்கார்ந்து நுண்ணோக்கி வழியாகப் பார்த்ததில், பெரும்பாலான சாணத்தில் புழு முட்டை வெகுவாகக் குறைந்திருந்தது. சிலவற்றில் குறையவே இல்லை. அவளுக்கு அது பிடிபடவில்லை. மருந்து கெட்டுவிட்டதா என்று பார்த்தாள், அளவு தவறா என்று பார்த்தாள். லாவ்ரெனைக் கூப்பிட்டு எல்லா இடத்திலும் கோடு சரியாகப் போட்டீர்களா என்று கேட்டாள். அவன் அவள் கண்ணைப் பார்த்தே, சந்தேகமிருந்தால் நீங்களே வந்து போடுங்கள், கை தேய்ந்து போகாது என்றான். அவள் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டாள். அன்று அவன் ஜெயித்தவன் போல் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மார்ச் தொடக்கத்தில் பனி இளகியது. ஒரு காலை லாவ்ரென் திடலுக்குப் போனபோது பானியின் கன்று தொட்டிக்குப் பக்கத்தில் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. கண் திறந்திருந்தது. பானி கொஞ்சம் தள்ளி நின்று புல் தின்றுகொண்டிருந்தது. செத்ததை அப்படியே காட்டுக்குள் இழுத்துப்போட்டுவிடலாமா என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவன் கஸிமிரைக் கூப்பிடுவதற்குள், உருகிய பனியில் சாணம் பொறுக்கிக்கொண்டு ரெகினாவே மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

அவள் கன்றைப் பார்த்தாள். பிறகு சட்டத்தில் அடுக்கியிருந்த புதுப் புல்லைப் பார்த்தாள். தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த மருந்துத் தீவனத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று லாவ்ரெனுக்குப் புரிந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துப் பதிலையும் தயாராக வைத்திருந்தான். அவள் கத்தவில்லை. பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"காலப் பிடிங்க," என்றாள்.

"நான் எதுக்குப் பிடிக்கணும்?"

"உங்க கன்னுதானே. பிடி, லாவ்ரென்."

அப்பா பேர் போய்விட்டது, 'ங்க'வும் போய்விட்டது. அவன் பிடித்தான். அவள் வயிற்றை நீளத்தில் கிழித்து, முதலில் பெரிய இரைப்பையைத் திறந்தாள். ஆவி பறக்க, பச்சைக் குவியலாகப் புல் வெளியே சரிந்தது. நல்ல புல், அவன் ஜூலையில் அறுத்துத் தன் கையால் புரட்டிக் காயவைத்த ஆற்றங்கரைப் புல்.

"பாரு. பட்டினியால சாகல. வயிறு முட்டத் தின்னுட்டுச் செத்திருக்கு."

பிறகு நாலாம் இரைப்பையை அறுத்து விரித்துப் பிடித்தாள். உள்தோல் வெளுத்து வீங்கிக் கிடந்தது. அதன் மேல், சீப்பில் சிக்கிய செம்பட்டை முடி மாதிரி, மெல்லிய புழுக்கள் கற்றை கற்றையாக அசைந்தன. லாவ்ரென் எத்தனையோ மாடுகளின் வயிற்றைப் பார்த்தவன். இருந்தாலும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கத்தியைப் பனியில் துடைத்தபடியே அவள் பேசினாள். பெரிய மாடு இடிக்கும், சின்ன மாடு ஒதுங்கும், இது எல்லா மந்தையிலும் உள்ளதுதான். அதனால்தான் கோட்டை அவ்வளவு நீளமாகப் போடச் சொன்னேன், தலைப்பில் காளை தின்றால் வால்பக்கத்தில் கன்று தின்னும். தொட்டியில் போட்டால் பலசாலிக்கு மட்டும்தான் மருந்து. மருந்து கிடைத்த மாடும் இந்தச் சாண மண்ணில் சிந்திய புல்லைப் பொறுக்கி, போன புழுவைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். ஆகவே இங்கே வந்தவற்றில் ஒன்றுக்கும் பிரயோசனமில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தொட்டியில யாரு மொதல்ல வாய் வச்சாங்க? இந்தக் கன்னுக்குக் கிடைச்சுதா?"

அந்தக் கொம்புத் தட்டும், தான் சிரித்த சிரிப்பும் லாவ்ரெனின் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. அதை அவன் அவளிடம் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் எவரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அவனுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு பெரியது; ஆனால் அதைத் தனியாகச் சுமக்கத் தெம்பில்லாமல், பாதியைத் தூக்கி அவள்மேல் போட்டான்.

"நீங்க வராம இருந்திருந்தா இது எதுவும் நடந்திருக்காது," என்றான்.

"நான் வராம இருந்திருந்தா இந்த எடத்துல மந்தையே கெடந்திருக்கும்," என்றாள் அவள்.

அவள் போகிற போக்கில் சொன்னதுதான் அவனை உலுக்கியது. குழுவில் வருகிறவர்களுக்குச் சாணம் பார்க்கப் பொறுமை கிடையாது, அவர்கள் பழைய முறைப்படிதான் முடிவு செய்வார்கள். மனிதன் ஒருவன் மாட்டை நோக்கி நடந்து போவான். காட்டு மாடு என்றால் ஓட வேண்டும், அல்லது எதிர்க்க வேண்டும். நடந்து வருகிறவனைப் பார்த்துச் சும்மா நிற்கிற மாடு நோயாளி, அதற்குக் குண்டு. காடு தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதிதான், லாவ்ரெனுக்கும் தெரியும். பானிக்கும் அந்த விதிக்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

"உங்க பானிக்கு இப்ப கோடுகள்ல தனியா மருந்து கொடுத்துத் தேத்திடலாம். வயசானாலும் தெம்பு இருக்கு," என்றாள் ரெகினா. மரியாதை திரும்பி வந்திருந்தது. "ஆனா அது மனுஷன் வந்தா நிக்கும். கிட்ட வந்து மோந்து பாக்கும். அந்த எடத்துலயே சுட்டுடுவாங்க. நான் என்ன சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"வெரட்டுங்க. இந்தத் திடல்லேருந்து, உங்ககிட்டேருந்து. நான் வெரட்டுனா அது எனக்குத்தான் பயப்படும். மனுஷன்னா அதுக்கு நீங்கதான்."

அவன் வாயில் வந்த வசவையெல்லாம் அவள் முதுகுக்குச் சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்து போனாள்.

சட்டங்களைப் பிடுங்கி, தொட்டிகளை உடைத்து எல்லாவற்றையும் எரித்தார்கள். கஸிமிர் திடலை உழுது சுண்ணாம்பு கொட்டினான். ஓக் மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. ஊரில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? கடையை மூடிவிட்டாயாமே, கணக்குப் பார்த்தாயா, நஷ்டமா என்று ரொட்டிக்கடை வரிசையில் ஒருவன் கேட்டான். லாவ்ரென் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் விலக்கினார்கள். ஹன்னா வீட்டில் எதுவும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு அடை சுட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம் மந்தை திடலுக்கு வரத்தான் செய்தது. லாவ்ரென் நாயையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனான். தோட்டாவில் ஈயத்துக்குப் பதில் கல்லுப்பு. தோட்டத்தில் ஆப்பிள் திருடுகிறவர்களுக்காக அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள தோட்டா அது. கொல்லாது, ஆனால் வாங்கினவன் ஒரு வாரம் உட்கார மாட்டான். முதல் நாள் வானத்தில் சுட்டான். காளைகள் ஓடின. இரண்டாம் நாள் நாயை அவிழ்த்துவிட்டான், மற்றவையும் ஓடின. பானி மட்டும் உழுத மண்ணின் ஓரத்தில் நின்று, இந்த இரைச்சலெல்லாம் வேறு யாருக்கோ என்பது போல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவனை நோக்கி நடந்து வந்தது.

"போடி," என்றான் லாவ்ரென். "போ, கெழட்டு முண்டம். போய்த் தொலை."

அது வந்தது. அவன் அதன் முகத்துக்கு நேரே கத்தினான், கட்டையை எடுத்து எறிந்தான். கட்டை தோளில் பட்டுக் கம்பளியில் துள்ளி விழுந்தது. பானி நின்று கட்டையை மோந்து பார்த்தது. தின்கிற பொருள் என்று நினைத்ததோ என்னவோ. அதைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ அறுந்துபோனது. பக்கவாட்டில் சுற்றி ஓடி, பின்தொடையைக் குறிபார்த்துச் சுட்டான். பானி முழு உடம்பும் அதிர ஒரு துள்ளு துள்ளியது. பசு மாடு கன்றீனும்போது முனகுமே, அது போல ஒரு சத்தம் போட்டது. திரும்பி அவனை வெகுநேரம் பார்த்தது. அவன் தோட்டாவை மாற்றி மறுபடி சுட்டான். மூன்றாவது தடவையும் சுட்டான். அப்புறம்தான் அது போயிற்று, ஓடிக்கூட அல்ல, நொண்டிக்கொண்டு.

அவன் டிராக்டர் படியில் உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே ரெகினாவைத் திட்டினான். அவள் அம்மாவை, அவள் படித்த கல்லூரியை, அவள் பூட்ஸைத் திட்டினான். கஸிமிர் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சிரிக்காமல், பாட்டிலைத் திறந்து நீட்டினான். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். பிறகு ஒரு சாயங்காலம் திடலுக்கு ஒன்றும் வரவில்லை.

பானி கோடுகளில் மருந்து தின்கிறதா என்று பார்க்கவும் அவன் போகக் கூடாது என்றாகிவிட்டது. அவன் வாடை பட்டால் அது வராது. ரெகினாவும் கஸிமிரும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார்கள். தின்கிறது என்று கஸிமிர் சொன்னான். வீக்கம் வற்றிவிட்டது என்றும் சொன்னான். லாவ்ரென் கேட்டுக்கொண்டு விறகு பிளந்தான்.

ஏப்ரல் கடைசியில் குழு வந்தது. இயக்குநர், மேலிடத்திலிருந்து இரண்டு பேர், தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியோடு குறிபார்த்துச் சுடுகிற ஒருவர், ரெகினா. டிராக்டரோடு லாவ்ரெனும் கஸிமிரும் கூடப் போனார்கள். மந்தை ஆற்றங்கரைப் புல்வெளியில் புதுப்புல் மேய்ந்துகொண்டிருந்தது. தேறாத ஒரு கிழட்டுக் காளையை அன்று காலையிலேயே சுட்டுவிட்டிருந்தார்கள். அடுத்து பானி. யார் நடந்து போவது என்ற பேச்சு வந்தபோது ரெகினா, எந்த மாடு என்று சரியாகத் தெரிந்தவர் லாவ்ரென் யூசெஃபவிச்தான், அவரே போகட்டும் என்றாள்.

அவன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து போயிருக்க வேண்டும். மனுஷியா இவள்? ஆனால் வேறு ஒருவன் போனால் பானி நிற்குமோ ஓடுமோ, யாருக்குத் தெரியும்? அவன் போனால் ஓடுவதற்குக் காரணம் உண்டு. அவள் கணக்கு அதுதான் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் ஆத்திரம் வந்தது.

வெறுங்கையோடு நடந்தான். குரல் கொடுக்கக் கூடாது, கையை ஆட்டக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். காற்று அவன் முதுகிலிருந்து மந்தையின் பக்கம் வீசியது. மற்ற மாடுகள் தலையைத் தூக்கி, மெல்ல நகர்ந்து, பிறகு ஓடின. பானி ஓடவில்லை. நிமிர்ந்து நின்று அவனைப் பார்த்தது. ஓடு, ஓடித் தொலை என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. அதே மனசின் வேறொரு மூலை, எப்போதும்போல வந்து கோட்டின் மேல் மூச்சுவிடாதா என்றும் ஏங்கியது; அந்த மூலையை அவனால் மூட முடியவில்லை. பானி ஒரு அடி முன்னால் வைத்தது. பின்னால் துப்பாக்கிக்காரர் பூட்டைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

இன்னொரு அடி வைத்தது. பிறகு தலையைத் தாழ்த்தியது, வாலைத் தூக்கியது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக வரும் என்று, இத்தனை வருஷம் கூடவே இருந்தவனுக்குத் தெரியாமல் போயிற்று. அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். கொம்பு படவில்லை, தோள்தான் பட்டது. அதற்கே அவன் பறந்துபோய்ப் பள்ளத்துச் சேற்றில் விழுந்தான். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. பானி சுழன்று திரும்பி, அவன் தலைக்கு மேலே நின்று, மூக்கால் காற்றை ஊதியது. அவனுக்கு அதன் கண்ணின் வெள்ளை தெரிந்தது.

"சுடாதீங்க!" என்று சேற்றுக்குள்ளிருந்து கத்தினான். மூச்சு முழுதாக வரவில்லை. "நோயில்ல! பாத்தீங்கல்ல, நோயில்ல!"

துப்பாக்கிக்காரர் குறிவைத்தேவிட்டார், மனுஷன் சாகப்போகிறான் என்றுதான். ரெகினா இரண்டு கையாலும் துப்பாக்கிக் குழாயைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டு நின்றாளாம். இயக்குநர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம், அவள் விடவில்லையாம். இதெல்லாம் கஸிமிர் பின்னால் சொன்னது. பானி இன்னொரு முறை ஊதியது. பிறகு திரும்பி, மந்தை போன திசையில் நாலுகால் பாய்ச்சலில் போயிற்று. நொண்டல் எல்லாம் இல்லை.

ரெகினா பள்ளத்தில் இறங்கி வந்து அவன் கோட்டைக் கத்தியால் கிழித்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது, இரண்டு விலா எலும்பும். எந்த மடையனாவது எதிர்த்து வருகிற மாட்டைக் கடைசி நொடி வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பானா என்று திட்டிக்கொண்டே கட்டுப்போட்டாள். தேவைக்கு மேலேயே இறுக்கிக் கட்டினாள், அவன் கத்துவான் என்று தெரிந்தும்.

"அத விட்டாச்சா?" என்று கேட்டான்.

"விட்டாச்சு. இனி அதுகிட்ட யாரும் போக மாட்டாங்க. நீங்களும் போக முடியாது."

"ஒங்கள எனக்கு இந்த ஜென்மத்துல பிடிக்காது, டாக்டரம்மா."

"தெரியும். அசையாம படுங்க."

அவன் அசையாமல் படுத்திருந்தான். பானி போன பக்கம் பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினான், தோள் விடவில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது பிழைத்துவிட்டது. அது தன்னைக் கொல்லத்தான் வந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்தது, அதை எண்ணி எண்ணி அழுதான். எலும்பு முறிந்தவன் அழுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கஸிமிர் டிராக்டரைக் கொண்டுவந்தான்; நாலு பேராக அவனைத் தூக்கி, ஒரு காலத்தில் புல் ஏற்றிய வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.